புதுச்சேரியில் இறங்கிய கொடியும் எங்கள் ஆர்.கே.பேட்டையும்



மலர்க் குழுவினர் போன் செய்து, "சார், விடுதிச் சாப்பாடு, சினிமா, ஸ்ட்ரைக்குன்னு நினைவுக் கட்டுரை நிறைய வந்தாச்சு. நீங்க வரலாறு படிச்சவர். வரலாறாவே ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? ஐரோப்பிய வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் போனில் தெரியவில்லை. பயப்பட வேண்டாம். இந்த ஐரோப்பா நமக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரிக் கடற்கரையில் இருந்தது. நம் விடுதி அறை ஒன்றிலும் கொஞ்ச காலம் இருந்தது.

வீடு நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது

முதலில் என் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.கே.பேட்டை என்றால் ராமகிருஷ்ணராஜுபேட்டை. முழுப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். பக்கத்தில் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை. தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். என் தாத்தா நெசவாளி. கையெழுத்து தெலுங்கில் போடுவார், திட்டுவது தமிழில்.

தாத்தா பிறந்தது 1905-ல். அப்போது எங்கள் பகுதி வட ஆற்காடு மாவட்டம். 1911 ஏப்ரல் 1-ம் தேதி சித்தூர் மாவட்டம் புதிதாகப் பிறந்தது. எங்கள் பக்கம் அதில் போயிற்று. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர் நீத்த பிறகு, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் உருவானது. சித்தூர் மாவட்டத்தோடு எங்கள் ஊரும் ஆந்திராவுக்குப் போனது. 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் செய்த எல்லைப் பரிந்துரை, அதன்பேரில் 1959-ல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம். இவற்றின் முடிவாக 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியோடு நாங்களும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பினோம், மாவட்டம் செங்கற்பட்டு. நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் வந்தது.

எங்கள் வீடு மட்டும் ஓர் அடி கூட நகரவில்லை. தாத்தா நெய்த குழித்தறி இருந்த இடத்தில்தான் அப்பா விசைத்தறி போட்டார்.

சிறு வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "தாத்தா, ஆந்திராவுல இருந்து நம்மளை இந்தப் பக்கம் மாத்தினாங்களே, அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? பாவு பாதியில நின்னுது. அதை முடிச்சேன்" என்றார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவோம்.

விடுதி அறையில் ஒரு சண்டை

1978-ல் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். விடுதியில் என்னோடு அறையில் இருந்தவன் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை அடுத்த ஒரு கிராமத்துக்காரன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வான். நம் வகுப்புத் தோழர்களுக்கு யார் என்று தெரியும்.

1979 ஜனவரியில், புதுச்சேரி போன்ற சின்ன யூனியன் பிரதேசத்தைப் பக்கத்து மாநிலத்தோடு இணைத்துவிடலாம் என்ற கருத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். புதுச்சேரி கொதித்தது. ஊர்வலம், கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச் சூடு வரை போய்விட்டது. கடைசியில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

அந்த நேரத்தில் நம் கல்லூரியில் ஒரு பேச்சுப் போட்டி. 'புதுவையும் தமிழகமும் ஒன்றாவதே நன்று' என்று நான் பேசினேன். மொழி ஒன்று, உணவு ஒன்று, சாமி ஒன்று, பிரெஞ்சுக்காரன் போட்ட கோட்டை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. முதல் பரிசு, ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

பரிசோடு அறைக்கு வந்தால், அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, எங்க போற?"

"பக்கத்து ரூமுக்கு. நல்லாத்தான் பேசினே. எங்க ஊரைப் பத்தி அரை மணி நேரம் பேசினே. எங்களைக் கேக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

நான் ஏதோ பதில் சொன்னேன். அது பதிலாகவே இல்லை. மூன்று மாதம் பேச்சுவார்த்தை கிடையாது. மார்ச் மாதம் நூலகத்தில் ஐரோப்பிய வரலாற்றுத் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பிரான்ஸ் பற்றி நான் நெட்டுருப் போட்ட பக்கங்களுக்குள் அவன் ஊரும் இருந்தது. பிறகு நானே போய்ப் பேசினேன். மே மாத விடுமுறையில் அவன் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

பாரிசுக்கு உறுப்பினர் அனுப்பிய ஊர்

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் என ஐந்து இடங்கள் பிரான்சிடம் இருந்தன. வெள்ளைக்காரன் ஆண்டதில் இரண்டு வகை உண்டு. பிரிட்டிஷ்காரன் நம்மைக் குடிபடையாக வைத்திருந்தான். பிரெஞ்சுக்காரன் குடியரசு பேசினான். 1871 முதல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து ஓர் உறுப்பினர் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1873-ல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர் போலச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று வாதாட விடாமல் தடுத்தார்கள். அவர் பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்தார். 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சாதி மத வழக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தார்கள்; புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து நிறையப் பேர் இந்தோசீனாவுக்கு உத்தியோகத்துக்கும் ராணுவத்துக்கும் போனார்கள்.

அதற்காகப் பிரெஞ்சு ஆட்சி பொன்னுலகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1936 ஜூலை 30-ல் எட்டு மணி நேர வேலை முதலான உரிமைகளுக்காக வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையா பாரிஸ் வரை போய் நியாயம் கேட்டார்.

நெசவாளி வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்குப் பிடித்த ஒரு செய்தி. புதுச்சேரியில் நீலச் சாயம் தோய்த்த 'கினே' துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகலுக்குப் போகும். அங்கே கருவேல மரக் கோந்து வாங்க அந்தத் துணியையே காசு மாதிரி கொடுத்தார்கள். நம் பக்கத்துச் சாயமும் நூலும் பிரெஞ்சு சாம்ராஜ்யத்தில் நாணயமாக ஓடியிருக்கிறது!

ஒரே நாள், இரண்டு கரை

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தபோது பிரான்ஸ் ஜெயித்த அணியில் இருந்தது. ஆனால் உள்ளே நொறுங்கிப் போயிருந்தது. நான்கு ஆண்டுகள் ஜெர்மானியப் படையின் கீழ் கிடந்த நாடு. மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கப் பணம் வாங்கித்தான் ஆலைகளை எழுப்பினார்கள். மந்திரிசபைகள் மாதக் கணக்கில் மாறின. அப்படி இருந்தும் குடியேற்ற நாடுகளை விட மனசு வரவில்லை. வல்லரசு என்ற பெயருக்கு அவைதான் மிச்சமிருந்த சாட்சி.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாடு செய்தன. அந்தந்த ஊர் மக்களே முடிவு செய்யட்டும் என்றார்கள். 1949 ஜூன் 19-ல் சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,463 பேர், வேண்டாம் என்று 114 பேர். மற்ற நான்கு ஊர்களில் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனது. இந்திய அரசு சுற்றிலும் சுங்கக் காவலை இறுக்கியது. பிரெஞ்சிந்தியா ஒரே துண்டு நிலம் இல்லை. ஒரு வயல் இந்தியா, அடுத்த வயல் பிரான்ஸ் என்று கிடந்தது. மாமியார் வீட்டுக்குப் போக நாலு தடவை எல்லை தாண்ட வேண்டும் என்பார்கள்.

1954-ல் காற்று திரும்பியது. அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக, பாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த எதுவார் குபேர் மார்ச் மாதம் இணைப்புப் பக்கம் வந்தார். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் கைமாறின.

இதற்கு நடுவே மே 7-ம் தேதி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, வியத்நாமில் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. பிரெஞ்சு ராணுவத்துக்கு அது மரண அடி. ஜூனில் பியேர் மாந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஒரு மாதத்தில் இந்தோசீனாப் போரை முடிக்கிறேன், முடியாவிட்டால் ராஜினாமா என்று சொல்லிப் பதவி ஏற்றவர் அவர். ஜூலையில் ஜெனிவாவில் அதைச் செய்தும் காட்டினார். வீணாகச் சுமக்கும் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று நினைத்த அந்த ஆட்சிதான் புதுச்சேரிக் கணக்கையும் முடித்தது.

அக்டோபர் 18-ல் கீழூர் என்ற சின்ன ஊரில் ஒரு கொட்டகை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. மூன்றாம் நாள் டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1-ம் தேதி காலை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது பரீட்சைக்குப் படித்தபோது என் கண்ணில் படவில்லை. அறைத் தோழனின் பெரியப்பா சொல்லித்தான் தெரிந்தது. ஊரில் அவரைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள். நெட்டையான மனிதர். வெள்ளை வேட்டி, பாலில்லாத காபி. இந்தோசீனாவில் சண்டை போட்டவர்.

"தம்பி, ஹிஸ்டரிதானே படிக்கிறே? அம்பத்து நாலு நவம்பர் ஒண்ணு என்ன நாள்?"

"புதுச்சேரி விடுதலை நாள், ஐயா."

"அவ்ளோதானா? அன்னிக்கேதான் அல்ஜேரியாவுல குண்டு வெடிச்சுது. இங்க கொடியை மடிச்சு எடுத்துக்கிட்டான். அங்க அதே கொடிக்காக எட்டு வருஷம் சண்டை. என்னையும் அங்க அனுப்பினான்."

நான் திரும்பி வந்து புத்தகத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். 1954 நவம்பர் 1 அதிகாலையில் அல்ஜீரிய விடுதலை முன்னணி பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்கியது. அல்ஜீரியப் போர் தொடங்கியது. புதுச்சேரியை விட்டுக்கொடுத்த அதே மாந்தேஸ் பிரான்ஸ் அரசு அல்ஜீரியாவுக்குப் படை அனுப்பியது. காரணம், சட்டப்படி அல்ஜீரியா ஒரு காலனி இல்லை, பிரான்சின் மாவட்டங்கள்! அங்கே பத்து லட்சத்துக்கு அருகே ஐரோப்பியர் குடியிருந்தார்கள். 1957-ல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் அல்பேர் காம்யு அங்கே பிறந்தவர்தான். புதுச்சேரியில் அப்படி ஒரு வெள்ளையர் கூட்டம் கிடையாது. அதனால்தான் ஓரிடத்தில் கைகுலுக்கலும் இன்னோரிடத்தில் பீரங்கியும்.

எட்டு ஆண்டுக் காத்திருப்பு

நவம்பர் 1-ல் கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். சட்டப்படி மண் இன்னும் பிரான்சுடையது. 1956 மே 28-ல் டெல்லியில் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். பிரெஞ்சு அரசியல் சட்டத்தில், அந்த மண்ணின் மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருந்தது. கீழூரில் 178 பேர் போட்ட ஓட்டு மக்கள் சம்மதம் ஆகுமா என்று அங்கே சிலர் கேள்வி எழுப்பினார்கள். அவர்கள் கவலை நம் கீழூர் இல்லை. இன்றைக்குப் புதுச்சேரியை விட்டால் நாளைக்கு அல்ஜீரியாவை விடச் சொல்வார்களே என்பதுதான்.

இதற்குள் ஐரோப்பாவே மாறிக்கொண்டிருந்தது. 1956-ல் சூயஸ் கால்வாயில் பிரிட்டனும் பிரான்சும் மூக்குடைபட்டன. 1957 மார்ச் 25-ல் ரோம் நகரில் ஆறு நாடுகள் பொதுச் சந்தை ஒப்பந்தம் செய்தன. பழைய பகையாளிகளான பிரான்சும் ஜெர்மனியும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. 1958-ல் அல்ஜீரியச் சிக்கலில் நான்காம் குடியரசே கவிழ்ந்து, ஜெனரல் டிகோல் வந்தார். ஐந்தாம் குடியரசு பிறந்தது. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. டிகோல் அல்ஜீரியாவோடு 1962 மார்ச் 18-ல் எவியான் உடன்பாடு செய்தார். ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது.

அதே ஜூலையில்தான் புதுச்சேரி ஒப்பந்தத்துக்குப் பாரிசில் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16-ல் பத்திரங்கள் பரிமாறப்பட்டுச் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியா ஆனது. ஆக, எட்டு ஆண்டு நம் பக்கத்து ஊர்க் கணக்கு அல்ஜீரிய மலைகளில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் இந்தியக் குடியரசுத் தலைவர் யார் தெரியுமா? எங்கள் திருத்தணிக்காரர் டாக்டர் ராதாகிருஷ்ணன்! இரண்டு வருஷம் முன்புதான் அவர் பிறந்த ஊரும் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தது.

எல்லா ஐரோப்பியரும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சர்வாதிகாரி சலாசாரின் போர்ச்சுக்கல் கோவாவை விட மறுத்தது. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் போக வேண்டியிருந்தது. அதைப் போர்ச்சுக்கல் ஏற்றுக்கொண்டது, 1974 ஏப்ரலில் அங்கே சர்வாதிகாரம் கவிழ்ந்த பிறகு, அந்த ஆண்டுக் கடைசியில்தான். நாடாளுமன்றம் உள்ள நாடு எட்டு வருஷம் தயங்கிச் செய்ததை, சர்வாதிகார நாடு செய்யவே இல்லை. இது மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம்.

ஆறு மாதம்

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது 1962 ஆகஸ்ட் 16 முதல் அடுத்த பிப்ரவரி நடு வரை. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர்தான்.

என் தோழனின் வீட்டில் இந்த ஆறு மாதம் என்ன செய்தது என்று அன்று கேட்டேன். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அவருக்கு ராணுவ பென்ஷன் இருந்தது. தம்பி, அதாவது என் தோழனின் அப்பா, எழுதிக் கொடுக்கவில்லை.

"ஏன் எழுதலைங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க தம்பி. கையெழுத்துப் போட்டா நிலத்தை எடுத்துக்குவாங்கன்னு ஒருத்தன். கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவாங்கன்னு இன்னொருத்தன். எனக்கு இருந்தது ஒண்ணரைக் காணி. அதை விட்டுட்டு நான் எங்க போறது? அப்புறம் சொந்த நாடு வந்திருக்கு, வேற நாட்டுக்காரன்னு எதுக்கு எழுதித் தரணும்னும் தோணிச்சு."

ஒரே கூடம், ஒரே அடுப்பு. அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். அண்ணன் பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்ப் படித்து அங்கேயே வேலையில் அமர்ந்தார்கள். தம்பி பிள்ளை நம் விடுதியில் என்னோடு சோற்றுக்கு வரிசையில் நின்றான். யார் செய்தது சரி? இரண்டு பேரும் சரிதான். ஆனால் வாழ்நாள் முழுவதையும், அதற்கு அடுத்த தலைமுறையையும் ஆறு மாதத்துக்குள் ஒரு காகிதத்தில் முடிவு செய்யச் சொன்னார்கள். அந்த முடிவு பற்றி அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டதில்லை என்றான் தோழன். "பேசவே மாட்டாங்கடா" என்றான். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்று இரவு அவன் அப்பா இன்னொன்றும் சொன்னார். "பாண்டிச்சேரிக்குன்னு இருக்கிற தனி நிர்வாகத்தை மாத்தணும்னா ஜனங்களைக் கேட்டுத்தான் மாத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு தம்பி. ஜனவரியில எங்க ஆளுங்க ரோட்டுக்கு வந்தது தமிழ்நாடு பிடிக்காம இல்ல. கேக்கலையேன்னுதான்."

அதையும் பிறகு தேடிப் படித்தேன். ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு. அதில் அப்படியே இருந்தது. டிபன் பாக்ஸ் வாங்கிய என் பேச்சில் அந்தப் பிரிவு இல்லை.

கொடி போனது, ஏடு தங்கியது

அரசியல் போனாலும் பிரான்ஸ் ஒன்றை விட்டுப் போனது. அதைச் சொல்லாமல் முடித்தால் நன்றி கெட்டதாகும். 1955 மார்ச்சில், அதாவது கொடி இறங்கி ஐந்தே மாதத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. ழான் ஃபிலியோசா என்ற அறிஞர் அதை அமைத்தார். ஊர் ஊராகப் போய் ஓலைச்சுவடி சேர்த்தார்கள். கோயில்களைப் படம் எடுத்தார்கள். 1968-ல் பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பிறகு அவரும் தி.வே. கோபாலையரும் சேர்ந்து தேவாரப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அங்கே பாதுகாக்கப்பட்ட சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அதே 1968-ல் பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஆரோவில் தொடங்கினார்கள். நகரை வரைந்தவர் ரோஜே ஆன்ழே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். மூன்று மாதத்தில், மே மாதம், பாரிஸ் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். டிகோல் அரசே ஆடிப்போனது. பழைய ஐரோப்பா அலுத்துப்போன அந்தத் தலைமுறையில் சிலர் நம் செம்மண்ணுக்கு வந்து மரம் நட்டார்கள். ஒரு காலத்தில் ஆள வந்த நாட்டின் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

எல்லாம் இனிப்பாக முடியவில்லை. சவானா ஆலையும், 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலையும் இன்று இல்லை, ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. தறிக்காரன் என்ற முறையில் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கீழூரில் நாங்கள்

சில வருஷங்களுக்கு முன் நானும் என் தோழனும் கீழூர் போனோம். ஆகஸ்ட் 16. ஆண்டுதோறும் அன்று அங்கே நினைவிடத்தில் மரியாதை செய்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு இருவரும் மர நிழலில் உட்கார்ந்தோம். பெரியப்பாவும் இல்லை, அவன் அப்பாவும் இல்லை. பிரான்சிலிருக்கும் அண்ணன் மகன் அப்பாவின் காரியத்துக்கு வந்தபோது விசா வாங்கித்தான் வர வேண்டியிருந்தது என்று சொன்னான். பிறந்த வீட்டுக்கு விசா!

"எங்க ஊர்ல நூத்து எழுபத்தெட்டுப் பேரையாவது கேட்டாங்க. உங்க தாத்தாவை யாராவது கேட்டாங்களா?" என்றான்.

"கேட்டிருந்தா ரெண்டு பாஷையிலயும் திட்டியிருப்பார்" என்றேன். சிரித்தான்.

ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸில் வரும்போதும் கூடவே வந்தது. 1960-ல் எங்களுக்கு மாறியது மாநிலம்தான்; நாடு மாறவில்லை. ஆகவே பெரிய நஷ்டமில்லை. தமிழ் பேசுகிறவன் தமிழ் அலுவலகத்துக்குப் போனான். ஆனாலும் தெலுங்கில் எழுதிய எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் படிக்க எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் பிறகு ஆள் இல்லை. எல்லைக்காகப் போராடியவர்கள் பெரியவர்கள். அவர்களால்தான் நான் தமிழில் படித்தேன். இந்தக் கல்லூரிக்கும் வந்தேன். அந்த நன்றி மாறாது. பாவை முடித்துவிட்டு எழுந்த தாத்தாவின் மௌனமும் அதே வரலாற்றில் ஒரு வரிதான் என்று மட்டும் இப்போது நினைக்கிறேன். அந்த வரியை எழுத நான் இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐரோப்பிய வரலாறு பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பாரிசில் ஒரு மந்திரிசபை மாறினால் வில்லியனூர் வீட்டில் ஒரு கூடம் இரண்டு நாடாகிறது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் இருக்கும். அதன் தேதியைப் பாருங்கள். பக்கத்தில் பெரியவர் இருந்தால் உடனே கேளுங்கள். ஓர் ஊரைப் பற்றிப் பேசும் முன் அந்த ஊர்க்காரனைக் கேட்பது நல்லது. இதை நான் படித்தது நூலகத்தில் இல்லை, விடுதி அறையில்.

சந்திப்பு விழாவுக்கு அவனும் வருகிறான். அந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த முறை அதில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன். பாதி அவனுக்கு.